விண்வெளிக் கதைகளின் மவுசு ஏன் ஏறி இறங்குகிறது?

1969 ஜூன் 3ஆம் தேதி, அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் 79ஆவது அத்தியாயம் ஒளிபரப்பானது. அதுவே கடைசி. பார்க்கிறவர்கள் போதவில்லை என்று மூன்றே பருவங்களில் தொடரை நிறுத்திவிட்டார்கள். அதற்கு 47 நாள் கழித்து, ஜூலை 20 அன்று, நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தார். உலகமே அண்ணாந்து நிலவைப் பார்த்த அந்தக் கோடையில், விண்வெளிக் கப்பலின் கதைக்கு வீட்டுத் தொலைக்காட்சியில் இடம் இல்லாமல் போயிருந்தது.

இந்த இரண்டு தேதிகளையும் முதன்முதலில் அருகருகே வைத்துப் பார்த்தபோது நான் திகைத்தேன். ராக்கெட் மேலே போனால் ராக்கெட் கதைக்கும் மவுசு கூடும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நடந்த வரலாறு வேறு மாதிரி இருக்கிறது.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிக்கொள்வோம். விண்வெளிப் பயணம், வேற்று உலகம், அங்கிருந்து வரும் உயிர்கள் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கதையின் முதுகெலும்பாக இருந்து, அதற்கு மந்திரத்தைக் காரணமாகச் சொல்லாமல் அறிவியலைக் காரணமாகச் சொன்னால், அது விண்வெளி அறிவியல் புனைகதை. அறிவியல் கறாராக இருக்கும் கதைகள் உண்டு. பெயருக்கு ஓர் எந்திரத்தை வைத்துக்கொண்டு வாள் சண்டையும் காதலும் அரச வம்சமுமாக ஓடும் சாகசக் கதைகளும் உண்டு. மக்கள் மத்தியில் இந்த இரு வகைக்கும் சேர்ந்தே மவுசு வருகிறது, சேர்ந்தே போகிறது. கடலுக்கு ஏற்றவற்றம் இருப்பதுபோல இந்தக் கதைகளுக்கும் இருக்கிறது. அந்த நீரை இழுப்பது எது என்பதுதான் கேள்வி.

தொடக்க காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். 1865இல் ஜூல் வெர்ன், புளோரிடாவிலிருந்து ஒரு மாபெரும் பீரங்கியால் மனிதர்களை நிலவை நோக்கிச் சுடுவதாக நாவல் எழுதினார். 1902இல் பிரெஞ்சுக்காரரான ஜார்ஜ் மெலியே, நிலவின் முகத்தில் கண்ணுக்குள்ளேயே விண்கலம் போய்ச் சொருகுவதைப் படமாக்கினார். 1926இல் அறிவியல் புனைகதைக்கென்றே ஒரு மாத இதழ் அமெரிக்காவில் தொடங்கியது. 1934இல் 'ஃப்ளாஷ் கார்டன்' என்ற விண்வெளிச் சாகசப் படக்கதை செய்தித்தாள்களில் வந்து, இரண்டே ஆண்டுகளில் திரைத் தொடராகவும் ஆனது. ஒன்றை மட்டும் நின்று சொல்ல வேண்டும். ராக்கெட் கிளம்பும்போது எண்களைத் தலைகீழாக எண்ணுகிறோமே, அதைத் திரையில் முதலில் காட்டியவர் ஜெர்மன் இயக்குநர் ஃப்ரிட்ஸ் லாங். 1929இல் வந்த அவருடைய நிலவுப் பயணப் படத்தில் அது வருகிறது. அந்தப் படத்துக்கு அறிவியல் ஆலோசகராக இருந்தவர் ராக்கெட் முன்னோடி ஹெர்மன் ஓபர்த். கதை எழுதுகிறவர்களும் ராக்கெட் கட்டுகிறவர்களும் அன்று ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் பெரிய ஏற்றம் 1950களில் வந்தது. இரண்டாம் உலகப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. ஜெர்மனியின் வி-2 ராக்கெட்டுகள் லண்டனைத் தாக்கியதை உலகம் பார்த்திருந்தது, ஹிரோஷிமாவையும் பார்த்திருந்தது. 1947இல் பறக்கும் தட்டு என்ற சொல் செய்தித்தாள்களில் பரவியது. அடுத்த பத்தாண்டு முழுவதும் வேற்றுக்கிரகவாசிகள் திரையில் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். சில படங்களில் அவர்கள் படையெடுத்தார்கள், சில படங்களில் அணுகுண்டைக் கைவிடும்படி நமக்கு எச்சரிக்கை சொன்னார்கள். சோவியத் ஒன்றியத்தைக் கண்ட அச்சம் எந்த அளவு அவற்றில் கலந்திருந்தது என்பது திரை வரலாற்றில் நெடுங்காலமாகப் பேசப்படும் விஷயம். என் கவனம் வேறோர் இடத்தில் நிற்கிறது. 1957 அக்டோபர் 4 அன்றுதான் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் ஏவப்பட்டது. யூரி ககாரின் விண்வெளிக்குப் போனது 1961 ஏப்ரல் 12. அதாவது, யாரும் விண்வெளிக்குப் போகாத, எதுவும் பூமியைச் சுற்றி வராத நாட்களிலேயே விண்வெளிக் கதைகள் கொடிகட்டிப் பறந்தன. அச்சமும் ஆசையும் தாராளமாக இருந்தன, அனுபவம் மட்டும் இல்லை. எந்தக் கற்பனைக்கும் இடம் இருந்தது.

அனுபவம் வந்தபோது என்ன ஆயிற்று என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1970 ஏப்ரல் 13 அன்று, நிலவுக்குப் போய்க்கொண்டிருந்த அப்பல்லோ 13 கலத்திலிருந்து மூன்று வீரர்கள் நேரடி ஒளிபரப்பு ஒன்று நடத்தினார்கள். கலத்தைச் சுற்றிக் காட்டினார்கள், எடையற்ற நிலையில் மிதந்து காட்டினார்கள். அமெரிக்காவின் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் எதுவும் அதை நேரடியாகக் காட்டவில்லை. மனிதன் நிலவில் இறங்கி ஒன்பது மாதம்கூட ஆகவில்லை, மூன்றாவது பயணமே பழைய செய்தியாகிவிட்டது. அந்த ஒளிபரப்பு முடிந்த சில நிமிடங்களில் கலத்தின் ஆக்சிஜன் கலன் வெடித்தது. உடனே எல்லாக் கேமராக்களும் திரும்பி வந்தன. உயிர் பிழைப்பார்களா என்ற கேள்வி வந்ததும் விண்வெளி மறுபடியும் கதையாகிவிட்டது.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். 1966இல் அமெரிக்க அரசின் மொத்தச் செலவில் நான்கு விழுக்காட்டுக்கு மேல் நாசாவுக்குப் போனது. 1975இல் அது ஒரு விழுக்காட்டளவுக்கு இறங்கிவிட்டது. திட்டமிட்டிருந்த கடைசி மூன்று அப்பல்லோ பயணங்கள் கைவிடப்பட்டன. 1972 டிசம்பரோடு நிலவில் மனிதக் காலடி நின்றுபோனது. அதே ஆண்டுகளில் ஹாலிவுட்டின் எதிர்காலக் கதைகளும் பெரும்பாலும் பூமிக்கே திரும்பின. மக்கள்தொகைப் பெருக்கம், உணவுப் பஞ்சம், நஞ்சான காற்று என்று அவை வேறு கவலைகளைப் பேசின. 1968இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' ஒரு பெரும் வெற்றிதான், ஆனால் அதுவும் நிலவில் கால் படுவதற்கு ஓராண்டு முன்பே வந்துவிட்ட படம். அதன் கதையை இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கோடு சேர்ந்து உருவாக்கிய ஆர்தர் சி. கிளார்க், 1950களிலிருந்து 2008இல் காலமாகும்வரை இலங்கையில் வாழ்ந்தவர்.

நிறுத்தப்பட்ட அந்தத் தொடரை இங்கே நாம் மறந்துவிடக் கூடாது. 'ஸ்டார் ட்ரெக்' எடுத்தவர்களிடம் பணம் குறைவு. வாரந்தோறும் ஒரு கப்பலைப் புதுக் கிரகத்தில் இறக்கிக் காட்டக் கட்டுப்படியாகாது. அதனால் ஆட்களைக் கதிராக மாற்றி நொடியில் கீழே அனுப்பும் கருவி ஒன்றைக் கதையிலேயே கண்டுபிடித்தார்கள். திரையில் மனிதர்கள் மினுமினுத்து மறைவார்கள் அல்லவா? அந்த மினுமினுப்பு, ஒளிக்கற்றையில் அலுமினியத் தூளை விழவிட்டுப் படம் பிடித்தது. பின்னாளில் உலகம் முழுவதும் பழமொழிபோல் வழங்கிய ஒரு கருவி, பற்றாக்குறையிலும் ஒரு கைப்பிடித் தூளிலும் பிறந்தது.

அந்தத் தொடரை மறுபடி வாழவைத்தது மறுஒளிபரப்பு. முடிந்துபோன 79 அத்தியாயங்களையும் உள்ளூர் நிலையங்கள் மலிவாக வாங்கி, மாலை நேரங்களில் திரும்பத் திரும்பப் போட்டன. பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகள் பார்த்தார்கள். 1972 ஜனவரியில் நியூயார்க்கில் ரசிகர்கள் ஒரு மாநாடு கூட்டினார்கள். சில நூறு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்த இடத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். இந்தியாவில் பலர் அதைப் பார்த்தது 1980களில், தூர்தர்ஷனில், ஞாயிற்றுக்கிழமை காலையில். முதல் ஒளிபரப்பில் போதிய கூட்டம் சேராத தொடர், மனிதன் நிலவுக்குப் போவதை நிறுத்திக்கொண்ட பிறகு தன் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டது.

1976இல் நாசா தன் முதல் விண்வெளி ஓடத்தை (ஸ்பேஸ் ஷட்டில்) கட்டி முடித்தபோது ரசிகர்கள் வெள்ளை மாளிகைக்குக் கடிதம் கடிதமாக எழுதினார்கள். கதையில் வந்த கப்பலின் பெயரான 'எண்டர்பிரைஸ்' என்பதையே அந்த ஓடத்துக்கும் சூட்டினார்கள். செப்டம்பர் 17 அன்று கலிபோர்னியாவில் அதை வெளியே இழுத்து வந்தபோது தொடரின் நடிகர்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். அந்த எண்டர்பிரைஸ் விண்வெளிக்குப் போகவே இல்லை. அது சோதனைக்காகக் கட்டிய ஓடம். விமானத்தின் முதுகில் ஏறிப்போய் வானிலிருந்து சறுக்கி இறங்கிப் பழகியதோடு அதன் வேலை முடிந்தது. இன்று நியூயார்க்கில் ஓர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இனி 1977. மே 25 அன்று 'ஸ்டார் வார்ஸ்' அமெரிக்காவில் வெறும் 32 திரையரங்குகளில் வெளியானது. நம் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இந்தப் படத்தில் இருக்கிறது. ஜார்ஜ் லூகாஸ் முதலில் எடுக்க விரும்பியது சிறுவயதில் பார்த்த 'ஃப்ளாஷ் கார்டன்' கதையைத்தான். உரிமை கிடைக்கவில்லை. அதனால் சொந்தமாக ஒன்றை எழுதினார். அப்பல்லோ தந்த விண்வெளி அதில் இல்லை. 1930களின் விண்வெளிதான் இருக்கிறது. இளவரசி, கொள்ளைக்காரன், வீரன், முதிய குரு என்று ராக்கெட் வருவதற்கு முந்தைய கனவு முழுவதும் திரும்பி வந்தது.

கனவு மட்டும் பழையது, கருவி புதியது. அதற்கு முன்பெல்லாம் விண்கலப் பொம்மையைக் கம்பியில் கட்டிக் கேமராவின் முன்னால் நகர்த்துவார்கள். லூகாஸின் குழு பொம்மையைப் பெரும்பாலும் அசையாமல் நிறுத்திவிட்டு, கேமராவை அதைச் சுற்றிப் பறக்கவிட்டது. கேமராவின் ஒவ்வோர் அசைவும் மின்னணுக் கருவியில் பதிவாகும். அதே அசைவை மயிரிழை பிசகாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் செய்யலாம். ஒருமுறை கலத்தை மட்டும், அடுத்த முறை அதன் விளக்குகளை மட்டும், பிறகு பின்னால் உள்ள நட்சத்திரங்களை மட்டும் என்று தனித்தனியாக எடுத்து ஒரே காட்சியாகச் சேர்த்தார்கள். பார்வையாளரே கலத்தின் பின்னால் விரட்டிப் போவதுபோல் இருந்தது. ஏக்கம் இருந்தாலும் அதைக் கண்முன் நிறுத்தக் கருவி வேண்டும். 1977இல் இரண்டும் ஒன்றாக அமைந்தன.

எந்த அளவுக்கு அலை அடித்தது என்பதற்கு ஒரு பொருளைக் காட்டுகிறேன். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்குள் பொம்மை செய்து முடிக்க நிறுவனத்தால் இயலவில்லை. அவ்வளவு பெரிய வெற்றியை யாரும் எதிர்பார்க்கவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? படங்கள் அச்சிட்ட ஓர் அட்டைத் தொகுப்பை விற்றார்கள். உள்ளே பொம்மை கிடையாது. ஒரு சான்றிதழ் இருக்கும். அதை அஞ்சலில் அனுப்பினால் அடுத்த ஆண்டு நான்கு பொம்மைகள் வீடு தேடி வரும். பிள்ளைகளுக்குப் பண்டிகைப் பரிசாகப் பெற்றோர்கள் அந்த அட்டையைக் காசு கொடுத்து வாங்கினார்கள். பண்டிகைக் காலையில் அந்தச் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த குழந்தையை நினைத்துப் பார்க்கிறேன். வரப்போகும் ஒன்றுக்கான காத்திருப்பையே அது பரிசாகப் பெற்றிருந்தது.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் எல்லோரும் விண்வெளிக்கு ஓடினார்கள். 1977இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தின் இறுதியில் அடுத்த படம் எது என்று அறிவித்திருந்தார்கள். அதைத் தள்ளிவைத்துவிட்டு 1979இல் பாண்டை விண்வெளிக்கு அனுப்பினார்கள். 'ஸ்டார் ட்ரெக்' அதே ஆண்டு பெரிய திரைக்கு வந்தது. 'ஏலியன்' படமும் அதே ஆண்டுதான்.

இப்போது வேறொரு கணக்கு. 1975 ஜூலையில் சோவியத் கலத்தோடு இணைந்த அப்பல்லோ பயணம் முடிந்தது. அதன்பின் விண்வெளி ஓடம் முதன்முதலாகச் சுற்றுப்பாதைக்குப் பறந்தது 1981 ஏப்ரலில். இடைப்பட்ட ஏறத்தாழ ஆறு ஆண்டுகள், ஓர் அமெரிக்கர்கூட விண்வெளிக்குப் போகவில்லை. அந்த நாட்டில் விண்வெளிக் கதைகளுக்கு இருந்த மாபெரும் அலை, அந்த வெற்று ஆண்டுகளுக்கு நடுவில் எழுந்தது.

ஒருமுறை நடந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். 2011 ஜூலையில் விண்வெளி ஓடங்கள் ஓய்வுபெற்றன. 2020 மே மாதம்வரை அமெரிக்க மண்ணிலிருந்து மனிதரைச் சுற்றுப்பாதைக்கு அனுப்ப அந்த நாட்டுக்குச் சொந்த வாகனம் இல்லை. ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் காசு கொடுத்து இடம் வாங்கித்தான் போனார்கள். அந்த ஒன்பது ஆண்டுகளுக்குள் வந்தவற்றைப் பாருங்கள்: 2013இல் 'கிராவிட்டி', 2014இல் 'இன்டர்ஸ்டெல்லார்', 2015இல் 'தி மார்ஷியன்', அதே ஆண்டு டிசம்பரில் புதிய 'ஸ்டார் வார்ஸ்'. 'கிராவிட்டி' படத்தில் ஒரு விண்வெளி ஓடம் பணியில் இருக்கிறது. படம் வெளியானபோது உண்மையான ஓடங்கள் எல்லாம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டிருந்தன. 'இன்டர்ஸ்டெல்லார்' படத்தின் நாயகன் விவசாயியாகிவிட்ட முன்னாள் விண்கல ஓட்டி. அவன் மகளின் பள்ளியில், நிலவுப் பயணமே பொய் என்று பாடப்புத்தகத்தைத் திருத்தி வைத்திருக்கிறார்கள். அந்த வகுப்பறைக் காட்சியில் அவன் முகத்தில் வரும் வலிதான், என் பார்வையில், இந்தக் கட்டுரை முழுவதற்கும் மையம். இருந்த ஒன்றை இழந்தவனின் முகம் அது.

என் முடிவு உங்களுக்குப் புரிந்திருக்கும். விண்வெளிக் கதை தூரத்தில் வாழ்கிறது. வானம் எட்டாமல் இருக்கும்போது, அல்லது எட்டிவிட்டுக் கைநழுவிப் போகும்போது, கதைக்கு மவுசு ஏறுகிறது. தினசரி வேலையாகிவிட்டால் இறங்குகிறது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் ஓடம் கிளம்பியதை அமெரிக்காவின் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் நேரடியாகக் காட்டவில்லை. ஓடத்தில் ஓர் ஆசிரியை இருந்ததால் பள்ளிகளில் பிள்ளைகள் நாசாவின் ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 73 நொடிகளில் ஓடம் சிதறியது, ஏழு பேர் இறந்தார்கள். அப்பல்லோ 13இல் நடந்த அதே புறக்கணிப்பு, இம்முறை துயரமான முடிவோடு. அந்த ஜூனில், சிறுவர்கள் எதிர்பாராமல் விண்வெளி ஓடத்தில் பறந்துவிடும் ஓர் உல்லாசப் படம் வெளியாகித் தோற்றது. அதைப் பார்க்கும் மனம் யாருக்கு இருந்திருக்கும்?

எல்லா ஆண்டுகளையும் இந்த ஒரே அளவுகோலால் அளந்துவிட முடியாது. 1990களில் ஓடங்கள் ஒழுங்காகப் பறந்துகொண்டிருந்தன. தொலைக்காட்சியில் விண்வெளித் தொடர்களுக்கும் குறைவில்லை. கணினி வரைகலை மலிவானதும், சிறு நிலையங்களுக்கு நேரடியாகத் தொடர்களை விற்கும் வழி திறந்ததும் அதற்குக் காரணங்கள். ஒரு கதை எதன் வழியாக வீட்டுக்குள் வருகிறது என்பது அதன் மவுசில் பாதி. இன்னொரு காரணமும் உண்டு. அதே காலத்தில் எதிர்காலம் என்ற சொல்லே இடம் மாறியது. ராக்கெட் முனையிலிருந்து கணினித் திரைக்கு வந்துவிட்டது. 1999இல் எல்லோரும் பேசிய 'தி மேட்ரிக்ஸ்' கதை கணினி உருவாக்கிய உலகத்துக்குள் நடக்கிறது. அடுத்த சில ஆண்டுகள் மந்திரப் பள்ளிகளும் மோதிரங்களும் திரையை ஆண்டன. 2005இல், 1987க்குப் பிறகு முதன்முறையாக, புதிய 'ஸ்டார் ட்ரெக்' தொடர் எதுவுமே தொலைக்காட்சியில் இல்லாத நிலை வந்தது.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்ற அந்தப் பழமொழி படங்களுக்கும் பொருந்துகிறது. 1977 முதல் 1983 வரை மூன்று 'ஸ்டார் வார்ஸ்' படங்கள் மட்டுமே வந்தன, ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆண்டுக் காத்திருப்பு. 2015 முதல் 2019 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து வந்தன. நான்காவது படம் 2018இல் எதிர்பார்த்த வசூலைத் தரவில்லை. அதன்பின் அந்த உலகம் இணையத் தொடர்களுக்குக் குடிபெயர்ந்தது.

சீனாவின் கதை என் கருத்தோடு மோதுகிறது. 2019 ஜனவரி 3 அன்று சாங்'இ 4 கலம் நிலவின் மறுபக்கத்தில் இறங்கியது. அதுவரை எந்த நாடும் அங்கே இறங்கியதில்லை. ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 5ஆம் தேதி சீனப் புத்தாண்டன்று, 'தி வாண்டரிங் எர்த்' என்ற விண்வெளிப் படம் வெளியாகிப் பெரும் வசூலை அள்ளியது. மூலக் கதையை எழுதிய லியு சீசின் ஒரு மின் நிலையத்தில் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். அங்கே ராக்கெட்டும் கதையும் ஒன்றாகவே ஏறின. ஆனால் சீனர்கள் நிலவில் இன்னும் கால் வைக்கவில்லை. பாதை திறந்துவிட்டது, பயணம் முடியவில்லை. அமெரிக்காவுக்கு அப்படி ஓர் இடம் 1960களின் தொடக்கத்தில் இருந்தது.

இந்தியாவும் இப்போது அங்கேதான் நிற்கிறது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது. சொந்த ராக்கெட்டில் மனிதரை அனுப்பும் ககன்யான் இன்னும் காத்திருக்கிறது. தமிழில் 2018இல் 'டிக் டிக் டிக்' வந்தது, 2024இல் 'அயலான்' வந்தது. இவற்றுக்கெல்லாம் முன்னோடி ஒன்று உண்டு. 1963 ஏப்ரலில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' வெளியானது. கேரளத்தின் தும்பா ஏவுதளத்திலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது அந்த ஆண்டு நவம்பர் 21. இந்திய மண்ணில் ராக்கெட் புகை எழுவதற்கு ஏழு மாதம் முன்பே வேற்றுக்கிரகவாசிகள் தமிழ்த் திரையில் இறங்கிவிட்டார்கள். அவர்கள் உலகில் அறிவியல் வளர்ந்திருந்தது, கலை மட்டும் வளரவில்லை. அதனால் இங்கிருந்து ஒரு பாடகியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.